வாய் கட்டிய அறை

வீரபாகுவின் வயலில் விண்கல் விழுந்தது தொண்ணூற்று நாலாம் ஆண்டு மாசியில். வாழ்க்கையில் எதையும் ஆறப்போட்டு அறியாத மனிதர், அதை மட்டும் தொடாமல், தண்ணீரூற்று என்ற ஊருக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றின் விஞ்ஞான ஆசிரியை கமலாசனிக்கு ஆள் அனுப்பினார்.

சந்திரனிலிருந்து கொண்டுவந்த கற்களைக் காற்றும் கையும் படாமல் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பல்கலைக்கழகத்தில் கேட்டதைக் கமலாசனி மறக்கவில்லை. பூமியின் ஈரமும் உப்பும் பட்டால் கல் தன் பழைய நிலையை இழந்துவிடும். கொழும்பில் அறிந்தவர்கள் பார்க்கும்வரை அது விழுந்தபடியே இருக்கவேண்டும். அவளுடைய ஆசை அவ்வளவுதான்.

ஆய்வுகூடத்தின் பின்னறையை ஒழித்தாள். கறையான் புற்றைச் சுரண்டி, யன்னல் இடுக்குகளில் கடதாசி ஒட்டினாள். புகை படியும் என்று மண்ணெண்ணெய் விளக்கை உள்ளே விடவில்லை. பெரிய கண்ணாடிச் சாடியின் அடியில் ஈரத்தை உறிஞ்சச் சுட்ட சுண்ணாம்புக் கட்டிகளைப் போட்டு, மேலே துளைத்தட்டில் கல்லை வைத்து மூடி, விளிம்பில் வசிலின் பூசினாள்.

அதிபர் யோகலிங்கம் வாசலில் நின்று பார்த்தார்.

“வானத்தால விழுறதுக்குப் பயந்து நாங்கள் பங்கர் வெட்டுறம். நீங்கள் மாளிகை கட்டுறீங்கள் ரீச்சர்.”

“செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ள வாங்கோ சேர்.”

“வேண்டாம். வந்தா அருச்சனைச் சீட்டும் கேப்பீங்கள்.”

அவளோடு உள்ளே போகிறவள் கூட்டித் துடைக்கும் பேச்சியம்மா மட்டும். எழுபத்தேழுக் கலவரத்தில் இரத்தினபுரித் தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டு வந்தவள். செருப்பை வெளியே விடவேண்டும், கைகால் கழுவவேண்டும், வாயைத் துணியால் கட்டவேண்டும், உள்ளே கதைக்கக்கூடாது. ஏன் என்று ஒருமுறை கேட்டாள்.

“அது உங்களுக்கு விளங்காது. சொன்னதைச் செய்யுங்கோ.”

பேச்சியம்மா பிறகு கேட்கவில்லை. சொன்னதை ஒரு குறையும் இல்லாமல் செய்தாள்.

வைகாசியில், கல்லைக் கொழும்புக்குக் கொண்டுபோக இராணுவத்திடம் அனுமதி கேட்டுக் கமலாசனி வவுனியாவுக்குப் புறப்பட்டாள். சாவியைப் பேச்சியம்மாவிடம் கொடுத்தாள்.

“கவனம். இதுக்கு ஒண்டும் நடக்கக்கூடாது.”

அந்தக் கிழமை பொம்மர் விமானம் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த தென்னங்காணியில் குண்டு விழுந்தது.

வவுனியாவில் ஆளுக்கு ஆள் சிரித்தார்கள். கல்லுக்குப் பாஸ் கேட்கிறாள் என்று ஒருவன் மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். சிரித்து முடித்தபின் அனுமதி கொடுத்தார்கள்.

அவள் திரும்பி வந்தபோது பேச்சியம்மா வாசலில் நின்றாள். முகத்தில் நிறைவு. அறைக்குள் கற்பூர வாசம். சாடியின் மூடி பக்கத்தில் கிடந்தது. கல்லின் தலையில் மஞ்சள். சுண்ணாம்பு நீர்த்துக் கஞ்சியாகிக் கிடக்க, அதன்மேல் துரு வடிந்திருந்தது.

“என்ன ஊத்தினனீங்கள்?” என்றாள், வாசலிலேயே நின்றவளிடம்.

“கடல் தண்ணி டீச்சர். வத்தாப்பளை அம்மன் கோயிலுக்குத் தீர்த்தம் எடுக்கிற கரையில நானே மொண்டு வந்தேன். எண்ணெ இல்லாம அந்தத் தண்ணியிலதானே அம்மாளுக்கு வெளக்கு எரியுது. பொம்மர் வந்த அன்னிக்கே அபிஷேகம் பண்ணிட்டேன். ஊத்தினதும் கொதிச்சு ஆவி கெளம்பிச்சு. அதோட ஆத்தா கோவம் அடங்கிட்டா. பொறகு ஒரு குண்டும் இந்தப் பக்கம் விழல்ல.”

“இதைச் சாமியெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

“நீங்கதானே செருப்பைக் கழட்டச் சொன்னீங்க. கதிர்காமத்துல இப்பிடித்தான் வாயைக் கட்டிப் பூசை செய்வாங்க. நீங்களும் கட்டினீங்க.”

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்கும் என்பதை வருடாவருடம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள் கமலாசனி. விளங்காதவர்களுக்கு விளக்குவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அந்தக் கல்லை முதல்முறையாக வெறுங்கையால் தூக்கினாள். துரு விரலில் ஒட்டியது. பிறகு, நின்றபடியே, எல்லாவற்றையும் சொன்னாள்: ஈரம் ஏன் ஆகாது, உப்பு என்ன செய்யும், சுண்ணாம்பு ஏன் கொதித்தது.

பேச்சியம்மா வாயைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்து பொறுமையாகக் கேட்டாள். முடிந்ததும் வாய்த்துணியைச் சற்றே விலக்கி, பயத்தோடு மெல்லக் கேட்டாள்:

“டீச்சர், உள்ள நின்னு இவ்வளவு கதைக்கலாமா?”