மதியச் சூரியன் எந்தப் பக்கம்?

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் கீத் ட்ரெலோரின் கம்பெனியில் லோர்னா பாஸ்கோ பொறியாளராகச் சேர்ந்தபோது அது வெறும் தகரக் கொட்டகை. கோடையில் உள்ளே நின்றால் ஆளே வெந்துவிடுவார். ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து, வெள்ளம் ஏறினால் வானொலி அலையில் தகவல் அனுப்பும் கருவியை அங்கே செய்தார்கள். ஆற்றங்கரையில் தன்னந்தனியாக நிற்க வேண்டிய கருவி. அதற்கு மின்சாரம் தர, மூடியின் மேலேயே சூரியத் தகடு ஒன்றைச் சாய்வாகப் பொருத்தியது லோர்னாவின் யோசனை. நிறுவுகிறவர்கள் குழம்பக் கூடாது என்று மூடியில் ஓர் அம்புக்குறியும் பொறித்தாள்: இந்தப் பக்கம் வடக்கே பார்க்கட்டும்.

முர்ரே ஆற்றங்கரை நெடுக அந்தக் கருவி பிழையில்லாமல் ஓடியது. கொட்டகை போய்க் கட்டடம் வந்தது. கீத் முதலாளிதான் என்றாலும் டீ நேரத்தில் அவரும் கோப்பை கழுவுவார். லோர்னாவைக் கேட்காமல் அவர் ஒரு முடிவும் எடுத்ததில்லை.

அப்போதுதான் ஸ்காட்லாந்திலிருந்து பெரிய ஆர்டர் வந்தது.

"அங்க குளிர் எலும்பைத் தின்னுமே கீத், நம்ம சாமான் தாங்குமா?"

"பாத்துக்கலாம் விடு."

எங்கள் ஊரில் எதற்கும் வாயில் முதலில் வருகிற பதில் அதுதான். லோர்னா அப்படி விடவில்லை. குளிர்பெட்டியில் உறையவைத்தாள், ஐஸ் கட்டியை மேலே போட்டு நசுக்கிப் பார்த்தாள். எல்லாவற்றையும் கருவி தாங்கியது.

முதல் குளிர்காலத்திலேயே அங்கே ஒரு பள்ளத்தாக்கில் கருவிகள் ஒவ்வொன்றாக ஊமையாகிவிட்டன. பனி உருகி வெள்ளம் வந்தபோது எச்சரிக்கை போகவில்லை. ஆடுகளை மேட்டுக்கு ஓட்டப் போன பண்ணைக்காரர் ஒருவர் திரும்பவில்லை.

லோர்னா விமானம் ஏறிப் போனாள். கருவிகளை நிறுவிய ஆர்ச்சி மெல்ட்ரம் என்பவர் அவளை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார். நண்பகல். சூரியன் தாழ்வாக நின்றது. தகடோ எதிர்ப்பக்க மலையின் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, தகடு எதுக்குச் சூரியனுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்குது?"

"அம்புக்குறி வடக்கேன்னு சொல்லுச்சும்மா. எனக்கே ஒரு மாதிரிதான் இருந்துச்சு. உள்ள ஏதோ திசைகாட்டி இருக்கும், செஞ்சவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுதுன்னு விட்டுட்டேன்."

லோர்னா மூடியில் தான் பொறித்த அம்புக்குறியைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து மதியச் சூரியனை வடக்கே பார்த்து வளர்ந்தவள் அவள். பூமியின் வட பாதியில் அது தெற்கே நிற்கும் என்பது பள்ளியில் படித்த பாடம், பாடமாகவே தங்கிவிட்டது. கம்பெனியில் இருந்த அத்தனை பேருக்கும் அப்படித்தான்.

"விசாரணையில என் தலைதான் உருளும்" என்றார் ஆர்ச்சி. "நட்டு வெச்சவன் நான்தானே. வேலை போயிரும்."

அன்று மாலை கீத்துடன் தொலைபேசியில் பேசினாள்.

"அவனுக்குக் கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? சூரியன் எங்க நிக்குதுன்னு பாக்கத் தெரியாதா? அதை மட்டும் சொல்லு, போதும்."

"அவரு நம்ம அம்புக்குறியை நம்புனாரு, கீத்."

"நீ வாயைத் தொறந்தா இங்க இருக்கிற அத்தனை குடும்பமும் தெருவுக்கு வரும். உன் வீடும் சேத்துத்தான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

லோர்னா போனை வைத்தாள். விசாரணையில் அவள் பேசியது மிகக் கொஞ்சம். "ஆர்ச்சி நாங்க சொன்னதைத்தான் செஞ்சாரு. நாங்க சொன்னதுதான் தப்பு."

ஆர்ச்சியை விட்டுவிட்டார்கள். அடிலெய்டில் பாதிப் பேருக்கு வேலை போனது. வேலை இழந்தவர்களின் மனைவிமார் கடையில் லோர்னாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களை அவள் குறை சொன்னதில்லை. கீத் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை; அனுப்பினால் ஊர் தப்பாகப் பேசும். ஆனால் அதன் பிறகு வேலையைத் தவிர வேறெதுவும் அவளிடம் பேசவில்லை.

கம்பெனி மெல்ல எழுந்தது, பிறகு முன்னைவிடப் பெரிதாக வளர்ந்தது. அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் அவளுக்கு மேலே போனார்கள். லோர்னா சோதனை அறையிலேயே இருந்தாள். புது ஆர்டர் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அவளிடமிருந்து ஒரே கேள்விதான்: "அங்க மதியம் சூரியன் எந்தப் பக்கம்?" அதனால் அவளுக்கு 'மத்தியானம்' என்று பட்டப்பெயர் விழுந்தது. "மத்தியானம் வருது, மூடியை ஒளிச்சு வைங்கடா" என்பார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. சிரித்ததுமில்லை.

ஓய்வு பெற்ற நாளில், எங்கள் ஊர் வழக்கப்படி, தன் பிரிவு விருந்துக்கான கேக்கைத் தானே சுட்டுக் கொண்டுவந்தாள். கம்பெனியை மகளிடம் விட்டுவிட்டு வீட்டிலிருந்த கீத் கோலூன்றி வந்தார். லோர்னா அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். எல்லோரும் சற்று விலகினார்கள்.

"அன்னைக்கு நீ பேசாம இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்."

கீத் கேக்கைக் கிள்ளிக்கொண்டே இருந்தார், தின்னவில்லை.

"அந்த ஆளு... ஆர்ச்சி. வேலையில இருந்தானா?"

"கடைசி வரைக்கும். ரிட்டயர் ஆனப்ப எனக்குப் போன் பண்ணினாரு."

அவர் தலையாட்டினார். குனிந்தபடியே சொன்னார்:

"நான் விசாரிச்சேன்னு யார்கிட்டயும் சொல்லிராத."