சூசைநாதனோடு போன தீர்ப்பு

கோர்ட்டில் ஜெயித்த காகிதத்தைச் செத்தவரின் பெட்டிக்குள் வைத்துப் புதைத்துவிட்டோம் என்று ரெஜினா சொன்னபோது எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "ஒரு ஜெராக்ஸ் கூடவா எடுத்து வைக்கலை?" என்று கத்திவிட்டேன். அவள் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

ரெஜினா திருவிடந்தைக் கடலோரத்தில் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு மேற்பார்வையாளர். நான், கடப்பாக்கத்துக் கேசவன், அதே விடுதியில் கணக்குப் பிரிவு. அவள் வீடு படாளத்தை ஒட்டிய காலனியில். விடிவதற்குள் கிளம்பி, செங்கல்பட்டில் பஸ் மாறி, எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து நிற்பாள். லீவு கேட்டு நான் பார்த்ததே இல்லை. அந்த வருஷம் மட்டும் அடிக்கடி கேட்டாள். காரணம் கேட்டால் "கோர்ட்டுக்குப் போவணும்" என்பாள். புருஷனோடு தகராறு என்று விடுதியில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். இந்த உலகத்துக்கு வேறு காரணம் தோன்றாது.

உண்மையில் அது கல்லறைக்குப் போகிற வழி பற்றிய விஷயம். காலனிக்காரர்களின் கல்லறைத் தோட்டம் வயலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வயல் மதுராந்தகத்துப் பெரிய குடும்பம் ஒன்றுக்குச் சொந்தம். அவர்கள் ஒருமுறை வழியை முள்வேலி போட்டு அடைத்தார்கள். அதே வயலில் கூலிக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்த ரெஜினாவின் அப்பா சூசைநாதன், செங்கல்பட்டு கோர்ட்டில் அவர்கள்மேல் கேஸ் போட்டார். வேலை போயிற்று. வேறு ஊர்களில் கல் உடைத்துக்கொண்டே வாய்தாவுக்கு நடந்தார். சவம் கொண்டுபோக வண்டி அகலத்துக்கு வழி உண்டு, யாரும் அடைக்கக் கூடாது என்று கடைசியில் தீர்ப்பு வந்தது.

பிறகு சூசைநாதன் இறந்தார். அந்த வழியில்தான் தூக்கிப் போனார்கள். பெட்டியை மூடுவதற்கு முன் அவர் மனைவி மதலேன் தீர்ப்புக் காகிதத்தைக் கொண்டுவந்து அவர் நெஞ்சில், ஜெபமாலைக்குக் கீழே வைத்தாள். ஒருவரும் தடுக்கவில்லை. செத்தவர் உயிராய் வைத்திருந்ததைக் கூடவே அனுப்புவது அந்தக் காலனியின் வழக்கம். ஒருவரோடு பறையடிக்கும் குச்சி போயிருக்கிறது, ஒருத்தியோடு வெற்றிலைப் பை. சூசைநாதன் உயிராய் வைத்திருந்தது அந்தக் காகிதம் ஒன்றைத்தான். வழிதான் கிடைத்துவிட்டதே, இனிமேல் காகிதம் எதற்கு என்று எல்லோருமே நினைத்தார்கள்.

வயல் கைமாறியது. வாங்கியவர்கள் மனை பிரித்து, சுற்றிலும் சுவர் எழுப்பி, இரும்பு கேட்டைப் பூட்டினார்கள். கேட்கப் போனவர்களிடம் "கோர்ட்டு ஆர்டர் இருந்தா காட்டுங்க" என்றார்கள். ஆர்டர் சுவருக்கு அந்தப் பக்கம், மண்ணுக்குள் இருந்தது.

இந்த நேரத்தில்தான் மதலேனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வீட்டுக்கு அழைத்துப் போகும்படி டாக்டர் சொல்லிவிட்டார். நான் பார்க்கப் போனபோது அவள் கண்ணை மூடிக்கொண்டே பேசினாள்.

"உங்கப்பா பக்கத்துல என்னிய வச்சிடு ரெஜினா. வேற எங்கியும் வேணாம். அவுரு வாங்கின வழிய நான் மூடிட்டேன். என் கையாலதான வச்சேன். அங்க போனா அவுரு கேப்பாரு. நான் இன்னா சொல்லுவேன்?"

"நீ சும்மா கெட, நைட்டெல்லாம் இதே பேச்சு" என்று மதலேனின் தம்பி ஸ்டான்லி அதட்டினார். அதட்டிவிட்டு வெளியே போய் மூக்கைச் சிந்தினார்.

அம்மா போவதற்குள் அந்தத் தீர்ப்பின் நகலை வாங்கிவிட வேண்டும். ரெஜினாவுக்கு அப்போது வேறு நினைப்பே இல்லை. படித்தவன் என்று நானும் கூடப் போனேன். போகும்போதே பஸ்ஸில் என் செல்போனில் கோர்ட்டு இணையதளத்தைத் திறந்து சூசைநாதன் பெயரைப் போட்டுத் தேடினேன். அவ்வளவு பழைய கேஸ் அதில் ஏறியிருக்கவில்லை. என் படிப்பு அதோடு முடிந்தது. கோர்ட்டில் நகல் பிரிவு எழுத்தர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"கேஸ் நம்பர் சொல்லும்மா. இல்லேன்னா வருஷமாவது சொல்லு. சாட்சிக் காகிதமெல்லாம் போயிருக்கும், தீர்ப்பு இருக்கும். ஆனா எந்தக் கட்டுல நான் தேடறது?"

வருஷத்தைக் காலனியில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஏரி உடைந்த வருஷம் என்றார் ஒருவர். இல்லை, கோயிலுக்குப் புது மணி வந்த வருஷம் என்றார் ஸ்டான்லி. கேஸ் நடத்திய வக்கீல் இறந்துவிட்டார். அவர் ஆபீஸ் இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. நான் கையை விரித்துவிட்டேன்.

ரெஜினாதான் யோசித்தாள். "கேசவண்ணா, ஜெயிச்சவங்க பொதைச்சிட்டோம். தோத்தவங்க வூட்ல இருக்குமில்ல?"

ஸ்டான்லி குதித்தார். "அவங்க வூட்டு வாசல்ல போய் நிக்கிறதா? உங்கப்பன் செத்தும் மானம் போவணுமா?"

"மானத்த வச்சிகினு அம்மாவ எங்க பொதைக்கிறது மாமா?" என்று கேட்டுவிட்டு அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மதுராந்தகத்தில் கோயில் தெரு. கேஸில் தோற்றவரின் மகன் ராஜகோபாலன், ஓய்வு பெற்ற வாத்தியார், கதவைத் திறந்தார். ரெஜினா படியேறாமல் கீழேயே நின்று, "நான் சூசைநாதன் மவ" என்றாள். அவர் முகம் மாறியது. உள்ளே வரச் சொல்லி நாற்காலியைக் காட்டினார். அவள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள், அம்மா படுத்திருப்பதையும் சொன்னாள்.

அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார், அவளைப் பார்க்க முடியவில்லை. "வித்தது நான்தான். இப்படி ஒரு வழி இருக்குன்னு வாங்கினவாகிட்ட சொல்லலை. சொன்னா வாங்கமாட்டான்னு தோணித்து."

அவர் கழுத்தைப் பிடிக்கலாம் போல இருந்தது எனக்கு. அதற்குள் அவர் உள்ளே போய், துணியில் கட்டிய காகிதக் கட்டோடு வந்தார். "அப்பா தோத்த கேஸ். கிழிச்சுப் போட மனசு வரலை. நம்பரை எழுதிக்கோம்மா."

அவள் எழுதிக்கொள்ளவில்லை. எண்ணையும் வருஷத்தையும் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினாள். பஸ்ஸிலும் ஜபம் மாதிரி அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

மறுநாளே மனு கொடுத்தாள். கோர்ட்டுக் கட்டண வில்லை ஒட்டி, வாரிசுச் சான்றிதழ் சேர்த்து, கூப்பிட்ட நாளிலெல்லாம் போய் நின்றாள். நகல் வந்தது. தாசில்தார் ஆபீசில் அதைப் பார்த்த பிறகு சர்வேயர் வந்து அளந்தார், கேட்டின் பூட்டைத் திறந்தார்கள். மதலேன் அந்தக் காகிதத்தை வாங்கித் தடவிப் பார்த்தாள். "புதுசா கீதே, அவுருது பழுப்பேறிக் கெடந்துச்சு" என்றாள். நம்பவில்லை என்றே எனக்குத் தோன்றியது. சில நாளில் போய்ச் சேர்ந்தாள்.

கேட் வழியாகத்தான் தூக்கிப் போனோம். சூசைநாதன் பக்கத்தில் குழி. கடைசி ஜெபம் முடிந்து பெட்டியை மூடப்போனபோது, ரெஜினா ஜாக்கெட்டுக்குள்ளிருந்து அந்த நகலை எடுத்தாள். அம்மாவின் விரல்களைப் பிரித்து அதை உள்ளே வைத்தாள்.

"அடியே, இன்னா பண்ற? மறுபடியுமா?" ஸ்டான்லி பாய்ந்தார். நானும்தான் ஓர் அடி முன்னால் வைத்தேன்.

"இருக்கட்டும் மாமா. அப்பா கேட்டா அம்மா காட்டணும். நம்பரு எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு அழுதாள். அவ்வளவு நாளும் நான் பார்க்காத அழுகை. ஸ்டான்லியே பெட்டியை மூடினார்.

அடுத்த வாரம் செங்கல்பட்டில் இறங்கி நகல் பிரிவுக்குப் போனாள், நானும் கூட இருந்தேன். எழுத்தர் மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இப்பத்தானேம்மா வாங்கிட்டுப் போனே? அதுக்குள்ள தொலைச்சிட்டியா?"

"இல்ல சார், எங்கம்மா எடுத்துகினு போயிட்டாங்க" என்றாள் ரெஜினா.

அவர் மனுவில் முத்திரை வைத்தார்.