வாலில் கட்டிய கயிறு

ஒரு முழம்கூட இல்லாத கறுப்புக் கயிறு, இரண்டு என்ஜின் வைத்த ஒரு விமானத்தைக் கீழே தள்ளிவிடுமா?

பல வருடமாக இந்தக் கேள்வி எனக்குள் இருக்கிறது. விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டும் பார்த்துவிட்டேன். தள்ளிவிடும் என்றார் ஒருவர். காற்று, எடை, ஓட்டியவர் கை என்று நூறு காரணம் இருக்கலாம் என்றார் இன்னொருவர். என் கணவரோ, "கவலைப்பட உனக்கு வேற ஒண்ணும் கிடைக்கலையா லா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கிடைக்காமல் இல்லை. கைக்குழந்தைக்காரி நான். பால் குடித்தது போதுமா, தும்மல் ஏன் இரண்டு தடவை வந்தது என்று நாள் முழுக்கக் கவலைதான். ஆனாலும் எல்லாக் கவலையும் சுற்றிவந்து கடைசியில் அந்தக் கயிற்றிலேயே வந்து நிற்கிறது.

நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது நடந்தது இது. சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே நாசி கண்டார் சோற்றுக்கடை. அப்பா துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, எங்களோடுதான் இருந்தார். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் நுண்ணிய கம்பிகளைப் பற்றவைக்கும் வேலை. அந்தப் பிரிவையே மூடி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சில நாள் சட்டை மாற்றிக்கொண்டு வேலை தேடிப் போனார். அப்புறம் சட்டை மாற்றுவது நின்றது. சாப்பிடக் கூப்பிட்டால்கூட இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

அப்படி இருந்தவர் ஒருநாள் ஒரு பெரிய வரைபடத்தையும் ஒரு கட்டு மெல்லிய பால்சா மரப் பலகைகளையும் தூக்கிக்கொண்டு மாடியேறினார். பொம்மை விமானம் விற்கும் கடை ஒன்றின் சீன முதலாளி, நாங்கள் தவுக்கே என்று சொல்வோம், சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். போர்க்காலத்துக் குண்டுவீச்சு விமானம் ஒன்றை ரேடியோவில் பறக்கும்படி கட்டிக் காட்டு, என் முன்னால் ஒழுங்காகப் பறந்து இறங்கினால் கடையில் விமானம் கட்டும் வேலை உனக்கு. அதுதான் பேச்சு.

முன்னறை முழுக்க விமானம் ஆனது. மீன் முள் போல ஒவ்வொரு எலும்பாக வெட்டி, வரைபடத்தின் மேலேயே குண்டூசி குத்தி ஒட்டினார். தேய்க்கும் தூள் சோற்றில் விழுந்தது. பசையின் நெடியும் கீழ்க்கடைக் குழம்பின் வாசமும் கலந்து வந்த அந்த மணத்தை இப்போது எங்கே முகர்ந்தாலும் எனக்கு அழுகை வரும். இரண்டு என்ஜின், இரட்டை வால், மூக்கில் கண்ணாடி. தகடுகளை இணைக்கும் ஆணித்தலைகளைக்கூட விடவில்லை. மருந்து ஊசியில் வெள்ளைப் பசையை ஏற்றிப் பொட்டுப் பொட்டாக வரிசை வைத்தார். காய்ந்ததும் தடவிப் பார்த்தால் நிஜ ஆணிபோல விரலில் நெருடும்.

"டேய், நம்ம ஊர் மேலே ஜப்பான்காரன் குண்டு போட்டானே, அந்தப் பிளேனாடா இது?" என்று அப்பா கேட்டார்.

"இல்லண்ணே. இது ஜப்பான்காரன் மேலே போட்டது."

"அப்ப சரி," என்று அப்பா நாளிதழுக்குள் போய்விட்டார். அவருக்குக் கணக்கு நேராகிவிட்டது.

அம்மாவுக்கு நேராகவில்லை. ஆனாலும் கொழுந்தன் வேளைக்கு எழுந்து குளிக்கிறார், கேட்டுச் சாப்பிடுகிறார் என்பதால் தூளையும் நெடியையும் பொறுத்துக்கொண்டார். விமானியின் இருக்கைப் பட்டைக்குத் தன் ஜாக்கெட் கொக்கிகளைப் பிய்த்துக் கொடுத்தார். என்ஜின்களுக்குப் பின்னால் புகைக்கறை வர வேண்டும் என்று சித்தப்பா அம்மாவின் கண்மையை எடுத்துப் பஞ்சால் தேய்த்தபோதுதான் சண்டை வந்தது.

"பிள்ளைக்கு வைக்கிற மையைப் போயா தம்பி பிளேனுக்கு வைப்பீங்க?"

"இதுவும் பிள்ளைதானே அண்ணி."

"அப்ப கன்னத்துல ஒரு திருஷ்டிப் பொட்டும் வைங்க."

"அந்தக் காலத்துல அமெரிக்காக்காரன் திருஷ்டிப் பொட்டெல்லாம் வைக்கல லா, அண்ணி."

"அதான் பாதிப் பேர் திரும்பி வரல."

சித்தப்பா சிரித்தார். வேலை போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

கடைசி வேலையாக விமானியின் ஜன்னலுக்குக் கீழே மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னக் குண்டுகளை வரிசையாக வரைந்தார். எனக்கு அவை ஜிமிக்கி மாதிரி தெரிந்தன. அழகுக்கா என்று கேட்டேன். இல்லை, ஒவ்வொரு தடவை போய்க் குண்டு போட்டுவிட்டுத் திரும்பும்போதும் ஒன்று வரைவார்களாம் என்றார். சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

"அப்ப ஒவ்வொண்ணும் ஒரு ஊரா?"

சித்தப்பா தூரிகையைக் கழுவிக்கொண்டே, "சும்மா ஒரு டிசைன் அண்ணி," என்றார். அம்மா அடுத்த வெள்ளிக்கிழமை தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய் முருகனிடம் வேண்டி, அர்ச்சனைத் தட்டில் வைத்து வாங்கிய கறுப்புக் கயிறோடு வந்தார். எங்கள் வீட்டில் இது புதிதல்ல. அப்பாவின் பழைய காடியின், அதாவது காரின், முன் கம்பியில் கயிறு உண்டு. குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியில் உண்டு. என் கணுக்காலில் உண்டு. விமானம் ஒன்றுதான் பாக்கி.

கடலை மண் போட்டு நிரப்பி, கட்டடம் வராமல் கிடந்த ஒரு வெளியில் பறக்கவிடுவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை காலை. இறக்கையைத் தனியாகக் கழற்றி, காடியின் பின்னிருக்கையில் எனக்கும் அம்மாவுக்கும் மடியில் வைத்துக்கொண்டு போனோம். தவுக்கே தொப்பி போட்டு முன்பே வந்து நின்றார். கூட இன்னும் நாலைந்து விமானக்காரர்கள். சித்தப்பா இறக்கையைப் பூட்டினார். கையிலிருந்த ரேடியோப் பெட்டியின் குச்சிகளை அசைத்து, இறக்கைப் பலகை, வால் பலகை எல்லாம் மேலும் கீழும் ஆடுகிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஆடின.

பிறகு என்ஜினைக் கிளப்ப முன்பக்கம் போய் உட்கார்ந்தார். விமானம் ஓடிவிடாமல் யாராவது வாலைப் பிடிக்க வேண்டும். அப்பா தவுக்கேயிடம் வானிலை பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, நீங்க பிடிங்க. கெட்டியா."

அம்மா ஒரு பக்க வாலையும் நான் மறுபக்க வாலையும் பிடித்தோம். முதல் என்ஜின் இருமி இருமி அடங்கியது. அவர் குனிந்து மறுபடி முயன்றுகொண்டிருந்தபோது அம்மா இடுப்பிலிருந்து கயிற்றை எடுத்தார். இரண்டு வாலுக்கும் நடுவே கிடந்த அந்த வால் பலகையை ஒரு சுற்றுச் சுற்றி, அடிப்பக்கம் தளர்வாக முடிச்சுப் போட்டார். உதடு முணுமுணுத்தது. ராணுவப் பச்சையில் கறுப்பு தெரியவே இல்லை. குளிர்சாதனப் பெட்டிக்குக் கட்டியதைப் பார்த்ததுபோல்தான் இதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு என்ஜினும் பிடித்துக்கொண்டன. காதடைக்கும் சத்தம். சித்தப்பா கை காட்ட, நாங்கள் விட்டோம்.

ஓடியது. வால் எழும்பியது. சக்கரம் தரையை விட்டபோது அப்பாகூடக் கை தட்டினார். மஞ்சள் குண்டுகள் வெயிலில் தெரிய, அத்தனை அழகாக மேலே ஏறியது. ஏறியது, இன்னும் ஏறியது, மூக்கைத் தூக்கிக்கொண்டே போனது. சித்தப்பாவின் கட்டைவிரல், மூக்கை இறக்கும் குச்சியை முன்னால் தள்ளியபடியே இருந்தது. நகம் வெளுத்திருந்தது. எனக்கு அந்த விரல்தான் நினைவிருக்கிறது. விமானம் ஒரு கணம் நின்றதுபோல் ஆகி, ஒரு பக்கமாகச் சரிந்து, கண்ணாடி மூக்கு கீழே பார்க்க விழுந்தது. சத்தம் பெரிதாக இல்லை. பலகாரப் பெட்டியை மிதித்த மாதிரி இருந்தது.

சித்தப்பா ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். மூக்கைப் பார்க்காமல் நேராக வாலுக்குப் போய் மண்டியிட்டார். பலகையை விரலால் அசைத்தார். அசையவில்லை. குனிந்து பார்த்தார். இடுக்கிலிருந்து எதையோ இழுத்தார். கறுப்பாக வந்தது. உள்ளங்கையில் வைத்து ஒரு கணம் பார்த்தவர், மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இப்போது விரலால் அசைத்தபோது பலகை ஆடியது.

அம்மா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். பின்னால் அப்பா, தவுக்கே, மற்றவர்கள்.

"என்ன தம்பி ஆச்சு?"

சித்தப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார்.

"பேட்டரி, அண்ணி. நேத்து சார்ஜ் போட மறந்துட்டேன்." பிறகு தவுக்கேயைப் பார்த்து மலாயில், "பேட்டரி ஹாபிஸ், தவுக்கே," என்றார். பேட்டரி தீர்ந்துபோச்சு.

தவுக்கே கோபப்படவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஆணித்தலை வேலையெல்லாம் பிரமாதம், ஆனால் பேட்டரியைப் பார்க்காதவனிடம் மற்றவர்கள் விமானத்தை நம்பி எப்படிக் கொடுப்பது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். வீட்டு வாசலில் காடியை நிறுத்திய பிறகு அப்பா சித்தப்பாவிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "ஒரு பிளக் போடக்கூட முடியலையா உன்னால?"

பிளக் போட்டார். முந்தின சாயங்காலம் அவர் போட்டதையும் சிவப்பு விளக்கு எரிந்ததையும் நான் பார்த்தேன். அந்த விளக்கை விமானத்தின் கண் என்று சொல்லிக்கூட விளையாடினேன். ஆனாலும் அப்பா கேட்டபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. அம்மா கட்டிய சாமிக் கயிறு மண்ணில் விழுந்து மிதிபடக் கூடாது என்றுதான் சித்தப்பா அதைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார் என்று நினைத்தேன். நல்ல சித்தப்பா என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன். பெரியவர்கள் வேலையையும் மரியாதையையும் விட்டுக்கொடுத்து ஒரு பொய்யை வாங்குவார்கள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது.

அந்த வருடமே சித்தப்பா ஜொகூருக்குப் போய்விட்டார். அங்கே அறை எடுத்துத் தங்கி, விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் ஒரு கிடங்கு வேலைக்குப் போய்வந்தார். தீபாவளிக்கு வருவார், ஒரு நாள் இருப்பார். அலமாரி மேல் கிடந்த உடைந்த விமானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். மறுபடி எதையும் அவர் கட்டவில்லை. நான் பள்ளியின் கடைசி வருடமான படிவம் ஐந்தில் இருந்தபோது, ஒரு மழைக்காலையில், அந்தப் பாலத்துக்குப் போகும் சாலையில் ஒரு லாரி.

உடலைக் கொண்டுவந்த அன்று அம்மா மார்பில் அடித்துக்கொண்டு சொன்னது ஒன்றுதான். "போறப்ப கையில ஒரு கயிறு கட்டி விடாம அனுப்பிட்டேனே!"

அவருடைய பையை நான்தான் பிரித்தேன். சட்டைப் பைகளை எல்லாம் தடவினேன். சின்னத் திருப்புளிகள் நாலு, பாதி தீர்ந்த தைலம். கயிறு இல்லை. இருந்திருந்தால் நான் பார்த்தது நிஜம் என்றாவது ஆகியிருக்கும். எட்டு ஒன்பது வயதுக் கண்ணை எவ்வளவு நம்புவது? சிவப்பு விளக்கு எரிந்தும் பேட்டரி ஏறாமல் இருந்திருக்கலாம். கயிறு விழுந்த பிறகு இடுக்கில் சிக்கியிருக்கலாம். நான் இப்படிச் சொல்லிக்கொள்ளாத நாள் இல்லை. பிறகு அந்த வெளுத்த நகம் நினைவுக்கு வரும்.

இப்போது அப்பா இல்லை. அம்மா வாரத்தில் பாதி நாள் என் வீட்டில் இருந்து என் மகனைப் பார்த்துக்கொள்கிறார். போன மாதம் தண்ணீர்மலையிலிருந்து கயிறு வாங்கிவந்து அவன் இடுப்பில் கட்டினார். நான் ஏதோ தயங்கியிருப்பேன் போலிருக்கிறது.

"என்ன பாக்குறே? இதைக் கட்டினா ஒண்ணும் ஆகாது. உங்க சித்தப்பா பேட்டரிக்கு சார்ஜ் போடாம பிளேன் விட்டாரே, அன்னைக்கு அது யார் மண்டையிலயும் விழாம தரையில விழுந்துச்சே, எதனால? நான் வால்ல கட்டின கயிறாலதான். பாவம், அதுக்கு இருந்த காவல்கூட அந்தத் தம்பிக்கு இல்லாமப் போச்சு."

சொல்லிவிட்டுக் குழந்தையின் வயிற்றில் முத்தம் கொடுத்தார். அவன் சிரித்தான்.

சொல்லிவிட்டால், சித்தப்பா பேட்டரியை மறந்தவர் இல்லை என்று இந்த உலகத்தில் ஒருவருக்காவது தெரியும். ஆனால் தெரிந்துகொள்ளப் போகும் அந்த ஒருவர் அதற்குப் பிறகு எப்படித் தூங்குவார்? சொல்லாவிட்டால், தன்னைக் காப்பாற்றியவனையே அம்மா மறதிக்காரன் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பார். அதைக் கேட்டுக்கொண்டே என் மகனும் வளர்வான். சித்தப்பா எதை விரும்புவார் என்று யோசித்தால் பதில் எனக்குத் தெரிந்துதான் இருக்கிறது. அந்தப் பதிலோடும் என்னால் இருக்க முடியவில்லை.

அம்மாவைக் கூடவே வைத்திருப்பவர்களும் பிள்ளை வளர்த்தவர்களும் யாராவது எனக்கு ஒரு வழி சொல்லுங்கள். மகன் வளர்கிறான், இடுப்புக் கயிறு இறுகத் தொடங்கிவிட்டது. தடம் பதிகிறது. வெள்ளிக்கிழமை புதிதாய்க் கட்ட அம்மா கயிறோடு வருகிறார். அதற்குள் நீங்கள் சொன்னால் நல்லது.