மகளுக்குப் பூக் கேட்டு வைத்த பேர்

நான் படிச்சது மூணாங்கிளாஸ். அதுலயும் கடைசி ரெண்டு மாசம் போகல. ஆனா எண்பதுகள்ல தொப்பூர் கணவாய் வழியா போன எந்த லாரி டிரைவரைக் கேட்டாலும் என் சாப்பாட்டுக் கடையைச் சொல்லுவான். எச்சில் தட்டுக் கழுவப் போன ஆள் நான். பத்தே வருசத்துல ரோட்டோரம் சொந்தக் கடை, நல்லம்பள்ளியில மெத்தை வூடு. யாரும் கை தூக்கிவிடல. கடை போர்டுல இருந்தது எங்கம்மா பேர். அதே கணவாய் ரோட்டுக்கு ஜல்லி உடைச்சே செத்துப்போனவங்க அவங்க.

கல்யாணமாகி ஆறு வருசம் கழிச்சுப் பொறந்தா என் மக. ஒரே மக. எங்கம்மா பேர்தான்னு ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டேன். என் சம்சாரம் பத்தாவது பாஸ் பண்ணவ, ஆனா எதுத்துப் பேசற ஆளில்ல. அன்னைக்கு மட்டும் புள்ளையைப் பார்த்துக்கிட்டே, "நான் ஒரு பேர் வெச்சிருக்கேங்க"ன்னா. பள்ளிக்கூடத்துல படிக்கறப்பவே நோட்டுக் கடைசிப் பக்கத்துல எழுதி வெச்ச பேராம். சின்னப் பேர்.

"டவுன்காரங்க பேராட்டம் இருக்குது"ன்னேன்.

"உங்கம்மா பேருதான் கடையில இருக்குதே. நான் இது ஒண்ணுதாங்க கேக்கறேன்."

மாமனார் நடுவுல பூந்தாரு. "சண்டை எதுக்கு மாப்ள? கோயில்ல பூக் கேட்டுடலாம்."

எங்க பக்கம் அது வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம் கட்டி சாமி முன்னால போட்டு ஒண்ணை எடுக்கணும். வெள்ளை வந்தா அவ சொன்ன பேர், சிவப்பு வந்தா எங்கம்மா பேர்.

பொட்டலம் மடிக்கற வேலை எனக்குத்தான் வந்துச்சு. வேற யாருக்கு வரும்? நான் பார்சல் மடிச்சா கணவாய் எறக்கத்துல குலுங்கற லாரியிலயும் குழம்பு சிந்தாது. ரெண்டையும் அச்சுல வார்த்த மாதிரி மடிச்சேன். ரெண்டுலயும் செவ்வரளிதான் வெச்சேன்.

அவளே எடுத்தா. கண்ணை மூடிக் கும்பிட்டு, கையை அங்கயும் இங்கயும் கொண்டுபோய், கடைசியில எடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தா. பிரிச்சுப் பார்த்துட்டு "சரிங்க"ன்னா. மாமனார் என் தோளைத் தட்டி, "உங்க ஆத்தாளே வந்து பொறந்துட்டாங்க மாப்ள"ன்னாரு. நான் ஊருக்கே சோறு போட்டேன். மிச்சப் பொட்டலம் அர்ச்சனைத் தட்டோட யார் கையில போச்சுன்னு கவனிக்கல.

இன்னொண்ணையும் மறந்துட்டேன். மாமியார் பேரை மருமக வாயால சொல்லமாட்டா, அந்த மாமியார் செத்தே போயிருந்தாலும். என் கடைப் பேரைக்கூட அவ சொன்னதில்ல, வெறும் "கடை"ம்பா. அப்புறம் பெத்த புள்ளையை என்னன்னு கூப்பிடுவா? "பாப்பா"ன்னா. "அம்மணி"ன்னா. போகப் போக சரியாயிடும்னு இருந்துட்டேன்.

மகளுக்கு நாலு வயசு இருக்கும். ஒரு மத்தியானம் கணவாயில லாரி கவுந்து ரோட்டை அடைச்சுட்டாங்க. யாவாரமில்லன்னு மொபெட்டுல வூட்டுக்குக் கெளம்பினேன். எங்க தெருவுல மொத மொபெட் என்னுதுதான். பக்கத்துல வந்ததும் பெட்ரோல் தீர்ந்துபோச்சு, தள்ளிக்கிட்டு வந்தேன். பின்கட்டுல அவ குரல் கேட்டுச்சு. அந்தச் சின்னப் பேரைச் சொல்லி நீட்டி முழக்கிக் கூப்பிடறா. புள்ள சிரிச்சுக்கிட்டே "ஏம்மா"ன்னு ஓடுது. அவ்வளவு சத்தமா என் சம்சாரம் பேசி நான் கேட்டதே இல்ல. என்னைப் பார்த்ததும் ரெண்டு பேரும் நிறுத்திட்டாங்க.

"சாமி குடுத்த பேரை விட்டுட்டு..."ன்னு ஆரம்பிச்சேன்.

அவ துணியைப் பிழிஞ்சுக்கிட்டே சொன்னா. "சாமியாங்க குடுத்துச்சு? இன்னொரு பொட்டலத்தை நான் அன்னைக்கே பிரிச்சுப் பார்த்துட்டேன்."

குரல்ல கோவமே இல்ல. அடுத்த பேச்சா, "சாப்பிடறீங்களா?"ன்னா.

சாப்பிட்டேன். மகளை எங்கம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டேன். "என்னங்கப்பா"ன்னு வந்து கையைக் கட்டிக்கிட்டு நின்னா, கடையில புதுசா வேலைக்குச் சேந்த ஆளு மாதிரி.

அன்னையிலேருந்து தெருமுக்கு திரும்பறப்பவே ஹாரன் அடிச்சுடுவேன். அவங்க பேசறதைப் பேசி முடிச்சுக்கட்டும்னு. நான் உள்ள நுழையறப்ப வூடு அமைதியா இருக்கும். என் முன்னாலயே அப்படிக் கூப்பிடேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குடிச்சுட்டு வந்து ரகளை பண்ற டிரைவரையெல்லாம் ஒரு அதட்டுல உக்கார வெச்சவன் நான். அந்த ஒரு வார்த்தை மட்டும் வரல. அவ இருந்தவரைக்கும் வரல.

அவ போய் மூணு வருசம் ஆச்சு. மக ஓசூர்ல இருக்கா. போன் பண்ணா "நான்தாம்பா"ம்பா, பேர் சொல்லமாட்டா. போன பொங்கலுக்கு வந்திருந்தா. நான் டீ குடிச்சுட்டு வண்டியில திரும்பறப்ப கேட்டுல வந்து நின்னா.

"வூட்ல நான் ஒருத்திதானப்பா இருக்கேன். யாருக்கு ஹாரன் அடிக்கறீங்க?"

"நாய் குறுக்க வந்துச்சு"ன்னேன்.

தெருவை எட்டிப் பார்த்தா. வண்டியை என் கையிலிருந்து வாங்கி உள்ள தள்ளினா.