லாரி ஓட்டியவளின் பெயர்

பெர்னதெத் சின்னம்மா பெங்களூர் விவேக் நகருக்குப் பக்கத்தில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் காலர் தைத்தவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வார இதழை விரித்து, தொடர்கதையைத் தமிழில் ஒரு பத்தி படிப்பார். உடனே அதையே கூட வேலை செய்யும் பெண்களுக்குக் கன்னடத்தில் சொல்வார். கணவன் இறந்தபின் அவனுடைய லாரியைத் தானே ஓட்டி மலைப்பாதை ஏறும் கயல்நங்கைதான் கதாநாயகி. பிரேக் பிடிக்காமல் அவள் இறங்கிய வாரம், பக்கத்து மெஷின் ஜானகிக்குச் சோறு இறங்கவில்லையாம்.

1991 நவம்பரில் சின்னம்மாவுக்குப் பெண் பிறந்தது. "கயல்நங்கை" என்றார். சித்தப்பா ஆம்ப்ரோஸும் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். டிசம்பரில் காவிரிக் கலவரம்; ஊரில் தமிழர்களைத் தேடித் தேடி அடித்தார்கள். சித்தப்பா பேச்சை மாற்றிக்கொண்டார்.

"ஷீலான்னு வெச்சிடலாம் பெர்னா. எந்த ஊர்க்காரங்கன்னு யாருக்கும் தெரியாது."

"புள்ளைக்குப் பேரு வெக்கறீங்களா, புள்ளைய ஒளிச்சு வெக்கறீங்களா?"

"ஸ்கூல்ல கூப்பிட்டா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க."

"பாக்கட்டுமே! அதுக்குத்தானே பேரு."

சித்தப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். வெளிநாட்டில் பெயர் கேட்கும் கவுண்டர்களில் எனக்கும் நாக்கு ஒரு நொடி தயங்கத்தான் செய்கிறது.

ஜனவரியில் ஞானஸ்நானம். ஃபாதர் கேட்கும்போது பெயரைத் தான்தான் சொல்வேன், ஷீலா என்றுதான் சொல்வேன் என்று சித்தப்பா முடித்துவிட்டார். சின்னம்மா அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை.

ஞானஸ்நானத்தன்று காலை மாதா கோயில் வாசலில் மூன்று ஆட்டோக்கள் வந்து நின்றன. கார்மெண்ட்ஸ் பெண்கள் பதினோரு பேர். முதலில் இறங்கிய ஜானகிக்குத் தமிழில் ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது.

"எல்லி நம்ம கயல்நங்கை?" எங்கே நம் கயல்நங்கை என்று கன்னடத்தில், தெருவுக்கே கேட்கும்படி கூவினார்.

சித்தப்பா பதறிச் சுற்றுமுற்றும் பார்த்தார். பூக்காரம்மாகூடத் தலை தூக்கவில்லை. குழந்தை கைமாறிக் கைமாறிப் போனது. அந்தப் பெயரை ஒவ்வொருத்தியும் தன் வாய்க்கு வந்தபடி கூப்பிட்டாள்.

ஜானகி சித்தப்பாவிடம் திரும்பினார். "அண்ணா, பாப்பாக்கு லாரி எப்போ வாங்கறது?"

"மொதல்ல அவ உக்காரட்டும்மா" என்றவர், ஒரு மாதத்துக்குப் பிறகு சிரித்தார்.

உள்ளே ஃபாதர் கேட்டார்: "குழந்தைக்கு என்ன பெயர் சூட்டுகிறீர்கள்?"

சித்தப்பா தொண்டையைச் செருமினார். சின்னம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரேசா கயல்நங்கை."

கடைசி வரிசையில் நின்ற ஜானகிக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தாரோ என்னவோ, சித்தப்பா அதை இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னார்.