மெமரி கார்டில் வெட்டிய எழுத்து

முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஸ்ரீரங்கத்து வீட்டில் உட்கார்ந்தே கிடந்த நாட்களில்தான் நான் கார் பந்தயம் ஓட்டப் பழகினேன். மகன் வெளியூர் வேலைக்குப் போனபோது விட்டுப்போன பழைய விளையாட்டுப் பெட்டி அது. டிவியில் மாட்டினால் கார் ஓடும். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். திரையில் இங்கிலீஷில் வருவது ஒன்றும் தெரியாது. ஆனால் ஜெயித்தால் புதுக் கார் தருகிறான் என்பது தெரிந்தது. ஒவ்வொன்றாக ஜெயித்து, கொட்டகை நிறையக் கார் நிறுத்தி வைத்திருந்தேன். அத்தனையும் பெட்டியில் செருகும் சின்ன மெமரி கார்டுக்குள் இருக்கிறது என்று மகன் சொல்லியிருந்தான்.

போன வருஷம் பெட்டி சிடியைப் படிக்க மறுத்துவிட்டது. மருமகள் போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்தாள்.

"அத்தை, சிடியே வேண்டாமாம். மெமரி கார்டுல ஒரு ப்ரோகிராம் ஏத்திட்டா, கேமை பென் டிரைவுல போட்டு ஓட்டலாமாம். இதைவிடப் பழைய கேம்கூட ஓடுமாம். தென்னூர்ல ஒரு கடையில செய்றாங்க."

இவளுக்கு என்ன திடீர் அக்கறை? பொங்கலுக்கு வீடு ஒழித்தபோது, அந்தப் பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றவள் இவள்தான். நான் டிவியை விட்டால் இவள் சீரியல் பார்க்கலாம்.

"என் காரெல்லாம்?"

"அது பாட்டுக்கு இருக்கும்."

"இல்லேன்னா?"

"மறுபடி ஓட்டுங்க. உங்க லைசென்ஸையா புடுங்கப் போறாங்க?"

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் வீட்டில் பேர் வெட்டாத பாத்திரம் கிடையாது. அண்டா முதல் ஸ்பூன் வரை என் பேரின் முதல் எழுத்து இருக்கும். கல்யாண வீட்டுக்கு இரவல் போன கரண்டிகூடத் தப்பாமல் திரும்பி வந்திருக்கிறது. மருமகளிடம் சொல்லாமல் கார்டை எடுத்துக்கொண்டு பெரிய கடைவீதிப் பாத்திரக் கடைக்குப் போனேன். பேர் வெட்டுகிறவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பிளாஸ்டிக்குங்கம்மா. மெஷினை வச்சா விரிஞ்சுரும்."

"ஓரமா, மெல்ல வைங்க. ஒரு எழுத்துதானே."

புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுத்தார். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

மறுநாள் மருமகள் கார்டைக் கொண்டுபோய், சாயங்காலமே திரும்பிச் செருகினாள். திரையில் புதிதாக ஒரு பட்டியல் வந்தது. பென் டிரைவிலிருந்து என் பந்தயமும் வந்தது. கொட்டகையைத் திறந்தால், முதல் நாள் சும்மா கொடுக்கும் ஒற்றைக் கார் மட்டும் நின்றது.

"ஏத்தும்போது அழிஞ்சிருக்கும் அத்தை," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

கார்டை உருவி ஓரத்தைத் தடவினேன். வழவழவென்று இருந்தது.

"இது என்னுது இல்லை. யாருக்குக் குடுத்தே?"

"ஐயோ, கடைக்காரர் குடுத்ததைத்தானே கொண்டாந்தேன்!"

"கிளம்பு."

பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்வரை அவள் டிக்கெட்டைக் கசக்கிக்கொண்டே வந்தாள். தப்புச் செய்தவள்தான் அப்படிக் கசக்குவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்காரன் நிமிரக்கூட இல்லை. "எல்லாக் கார்டும் ஒண்ணுதான் பாட்டி. ஏத்த நேரமாகும்னு, ஏத்தி ரெடியா இருந்த வேற கார்டைக் குடுத்தேன்."

"பாட்டி உன் வீட்டுல இருப்பாங்க. என் கார்டு எங்கே?"

ஒரு பிஸ்கட் டப்பாவைத் தள்ளினான். உள்ளே எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே அளவு. "இதுல உங்களுது எதுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

கையை விட்டுத் துழாவினேன். என் எழுத்து விரலில் தட்டியது. எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

மருமகள் குனிந்து பார்த்தாள். "பேரு வெட்டியிருக்கீங்களா, அத்தை!" அப்புறம் கடைக்காரனிடம் என்னைவிட உரக்கக் கேட்டாள். "மாத்திக் குடுத்துட்டு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா? எங்க அத்தை என்னையில்ல சந்தேகப்பட்டாங்க? உள்ளே இருந்ததை அழிச்சுட்டீங்களா?"

"இன்னும் இல்லைங்க."

என் கண் முன்னாலேயே ஏற்றச் சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்தேன். முடிகிறவரை அவன் கையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

வீட்டில் கொட்டகை திறந்தது. சிவப்புக் கார், நீலக் கார், கதவு மேலே தூக்கிக்கொள்ளும் கார், எல்லாம் நின்றன. மருமகள் பென் டிரைவை நீட்டினாள்.

"இதுலயும் வெட்டிருங்க அத்தை," என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது.