மவுஸ், போர்டு, வாய்

அந்தப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று நீங்கள் எழுதி அனுப்பியது பொய். விஷயம் தெரியாமல் எழுதியிருந்தால் விட்டிருப்பேன். தெரிந்தே எழுதினீர்கள். உண்மையை உங்களுக்கு முன்பே எழுதி அனுப்பியவள் நான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் திட்டுவது தி.நகரில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் திட்ட மேலாளரை. பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கிற அறக்கட்டளை அவருடையது. கொடுத்துவிட்டு வருடத்துக்கு ஒரு முறை ஆள் அனுப்பிப் பிள்ளைகளைச் சோதிப்பார்கள். பாதிப் பேராவது தேறாவிட்டால் மெஷின்களைத் தூக்கி வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்படிச் சோதிக்கப் போகிற ஆள் நான். அதற்கு முன்னால் நந்தனத்தில் ஓர் ஆபீஸில் பதினைந்து வருடம் டேட்டா என்ட்ரி பார்த்தேன். நயமாகப் பேச எனக்கு வராது. வீட்டிலும் இதே புகார்தான்.

ஆனால் முழுக்கத் திட்டுவதற்கு நான் உட்காரவில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

பள்ளி அடையாற்றுப் பக்கம். என் வீடு இருக்கும் மந்தைவெளியிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடலாம். கம்ப்யூட்டர் அறை மாடியில். செருப்பை வாசலில் விட வேண்டும். பத்து மெஷின்களுக்கும் துணி உறை போட்டு, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. பொறுப்பு கணக்கு வாத்தியாருடையது. அவர் உறைகளைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார்.

"நாலுதான் மேடம் ஓடுது. மத்ததுக்கு சும்மா பொட்டு வெச்சிருக்கோம்."

ஏழாம் வகுப்பு, முப்பத்தாறு பேர். என்னிடம் பன்னிரண்டு கேள்விகள். மெஷினைப் போடு, பக்கத்தைத் திற, பேரும் வகுப்பும் டைப் பண்ணு, எழுத்தைப் பெரிசாக்கு, சேமி, ஒரு ஃபோல்டர் செய்து அதற்குள் போடு, இப்படிப் போகும். கடைசிக் கேள்விக்கு மட்டும் வாயால் பதில் சொல்ல வேண்டும்: யாராவது போன் பண்ணி ஓ.டி.பி. கேட்டால் என்ன செய்வாய்? ஒவ்வொரு பிள்ளையாகத் தனியாகக் கூப்பிட வேண்டும், ஆளுக்கு ஐந்து நிமிடம். கேள்வியைப் படிப்பதைத் தவிர நான் வாய் திறக்கக் கூடாது. காகிதம் கிடையாது. ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பில் நேராக டிக் அல்லது பெருக்கல் குறி.

முதலில் வந்த பெண் மவுஸை அழகாகப் பிடித்தாள். மெஷினைப் போட்டாள், பக்கத்தைத் திறந்தாள், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"பேரு டைப் பண்ணு," என்றேன்.

"அது என் வேலை இல்ல மிஸ்."

"பரீட்சையில இன்னாடி உன் வேலை என் வேலை?"

விதிப்படி நான் அதைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். அவள் ஒரு விரலால் எழுத்துகளைத் தேட ஆரம்பித்தாள். பேரின் பாதியிலேயே நேரம் முடிந்தது.

அடுத்து வந்தவள் நேர் எதிர். "யாராவது ஓப்பன் பண்ணிக் குடுங்க மிஸ், நான் அடிச்சிடுவேன்," என்றாள். யாரும் திறந்து கொடுக்கக் கூடாது. அவளுக்கும் பெருக்கல் குறிகள்.

மூன்றாவதாக வந்தவள்தான் என் தூக்கத்தைக் கெடுத்தவள். ஒல்லியான பெண். முதுகுப் பையைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். மவுஸைத் தொட்டாள், விட்டாள். பிறகு போனில் செய்வதைப் போலத் திரையை விரலால் தடவினாள். அந்தத் திரை விரலுக்கு மசியாது. கையை எடுத்துவிட்டாள். ஆனால் வாய் நிற்கவில்லை.

"கீழ இடது பக்கம் அமுக்கணும். அப்புறம் நீலக் கலர் பொம்மை. திறந்தவுடனே பேரு. பேரை மட்டும் கறுப்பு பண்ணிக்கினு மேல நம்பர் மாத்தணும்."

எல்லாம் சரி. வரிசைகூடத் தப்பவில்லை. நான் சொன்னேன், "வாயால சொல்றதுக்கெல்லாம் மார்க் இல்ல."

நான்தான் சொன்னேன் அதை. வேறு யாரும் இல்லை.

ஓ.டி.பி. கேள்வி வந்தது. "எங்கம்மாவாண்ட கேட்டான் மிஸ் ஒருத்தன். நான் போனைப் புடுங்கி கட் பண்ணிட்டேன்," என்றாள். அதற்கு ஒரு டிக். பன்னிரண்டுக்கு ஒன்று.

மத்தியானத்துக்குள் முப்பத்தாறு பேரும் முடிந்தார்கள். ஒன்பது பேர்தான் தேறியிருந்தார்கள். தயிர்சாத டப்பாவைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு லேப்டாப்பில் வரிசைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வரிசையை நகர்த்தப் போய் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்துவிட்டேன் போலிருக்கிறது. ஏதோ ஒரு பட்டனில் கை பட்டது. முப்பத்தாறு பிள்ளைகளும் காணாமல் போனார்கள். வெள்ளைக் கட்டங்கள் மட்டும் இருந்தன.

பதினைந்து வருடம் அதே வேலை பார்த்தவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியாதா? தெரியும். ஆனால் பதற்றத்தில் கை மறந்துவிட்டது. மூடித் திறந்தால் வந்துவிடும் என்று மூடப் போனேன். மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்று அமுக்கப் போனேன்.

"அமுக்காதீங்க மிஸ்."

பின்னாலிருந்து குரல். பன்னிரண்டுக்கு ஒன்று வாங்கிய அந்தப் பெண். இன்னொரு தடவை எழுத விடுவேனா என்று கேட்க வந்தவள், கேட்கப் பயந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

"கேன்சல் குடுங்க. இப்போ கன்ட்ரோல் புடிச்சிக்கினு இஸட் ஒரு தட்டு. ஒண்ணுதான்."

தட்டினேன். எல்லோரும் திரும்பி வந்தார்கள். அவளுடைய பதினொரு பெருக்கல் குறிகளும் வந்தன. அவை அவள் கண்ணிலும் பட்டன.

"வந்திரிச்சு பாருங்க," என்றாள்.

அவள் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அந்தப் பெருக்கல் குறிகள் போயிருக்கும். எல்லோருக்கும் மறுபடி சோதனை வைத்திருப்பேன். அது அவளுக்குப் புரியாமல் இல்லை. நான் பதறியது அவளுக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

"உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"நான் வாயி மிஸ்."

வாசலில் நின்று எட்டிப் பார்த்த முதல் இரண்டு பெண்களும் உள்ளே வந்துவிட்டார்கள். அவர்கள்தான் விளக்கினார்கள். ஓடுகிற நாலு மெஷினுக்கு வகுப்பைப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகத்தான் மாடிக்கு அனுப்புவார்கள், ஒரு மெஷினுக்கு மூன்று பேர். முதலில் வந்து நாற்காலியைப் பிடிப்பவள் மவுஸ். அடுத்தவள் போர்டு, அதாவது கீபோர்டு. நாற்காலி கிடைக்காதவள் பின்னால் நின்று என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும். அவள் வாய். கிரிக்கெட்டில் இடம் பிரிப்பதைப் போல ஆறாம் வகுப்பில் பிரித்தது, இன்றுவரை யாரும் மாறவில்லை. வகுப்பு முழுக்க அப்படித்தான்.

"இவ ஏன் வாயி?"

"இவ பஸ்ஸுல வர்றா மிஸ். டெய்லி லேட்டு. அதுக்குள்ள சீட்டு போயிடும்," என்றாள் மவுஸ்.

"வாயி இல்லன்னா இவளுக்கு ஒண்ணும் ஓடாது மிஸ்," என்றாள் போர்டு, மவுஸைக் காட்டி. "சும்மா அம்பை வட்டம் சுத்திக்கினு இருப்பா."

"ஆமா, நீ மட்டும் பெரிய ஆபீசரு."

மூன்று பேரையும் ஒரே மெஷினில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தது இரண்டு பேர். மூன்றாமவள் நின்றாள். பதினொரு வேலைகளையும் என் டப்பா சாதம் முடிவதற்குள் முடித்துவிட்டார்கள். எங்கள் நந்தனம் ஆபீஸில்கூட இவ்வளவு ஒழுங்காக வேலை நடந்து நான் பார்த்ததில்லை.

வாத்தியாரிடம் போய்க் கத்தினேன். அவர் கத்தவில்லை. கையிலிருந்த சாக்பீஸை மேசையில் வைத்தார்.

"தப்பு என்னோடது மேடம். வேலை நடக்குதேன்னு விட்டுட்டேன். யாரு எங்க உக்கார்றாங்கன்னு பாக்கவே இல்ல. ஒரு வாரம் குடுங்க."

தப்பு என்னோடது என்று ஓர் ஆண் ஒரே மூச்சில் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்காகவே அவருக்கு முதல் நன்றி.

அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணின் அம்மாவைப் பார்த்தேன். மயிலாப்பூரில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைக்கிறவர். மகளைக் கூட்டிப்போக வந்திருந்தார். முன்பு ஆற்றோரம் பள்ளிக்குப் பின்னாலேயே குடியிருந்தார்கள். இப்போது ஊருக்கு வெளியே, அடுக்குக் குடியிருப்பில்.

"அங்கயும் ஸ்கூல் கீதும்மா. கம்ப்யூட்டர் ரூமு இல்ல. அதுக்குன்னுதான் ரெண்டு பஸ் மாத்தி இட்டாறேன். இந்த ரூமு போச்சுன்னா அங்கயே சேத்துட வேண்டியதுதான். எதுக்குப் புள்ளய இந்த அலைச்சல் அலைக்கணும்?"

மகள் அம்மாவின் பையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். என் பெருக்கல் குறிகள் அந்த அறையைக் காலி செய்தால் அவளுக்குப் பள்ளியே மாறிப்போகும். அதுவரை எனக்கு அது தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

அறிக்கையின் அடியில் ஒரு குறிப்பு எழுதினேன். இந்தப் பிள்ளைகள் மூன்று பேராக ஒரு மெஷினில் கற்றவர்கள், தனியாகச் சோதித்தது சரியல்ல, ஒரு வாரம் கழித்து மறுபடி சோதிக்கிறேன் என்று. அனுப்பினேன்.

அந்த ஒரு வாரம் வாத்தியார் செய்ததைப் பார்க்க இரண்டு நாள் போனேன். தரையில் சாக்பீஸால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியிருந்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஸ்கேலால் மேசையைத் தட்டி "மாறு" என்பார். எல்லோரும் ஓர் இடம் நகர வேண்டும். பள்ளி விட்ட பிறகும் அறையைத் திறந்து வைத்திருந்தார், அம்மா வரும்வரை அந்தப் பெண் தொட்டுப் பழகட்டும் என்று. மற்ற இரண்டு பேரும் வீட்டுக்குப் போகாமல் கூட இருந்தார்கள். நாற்காலியைத் தாங்களாகவே விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் நின்றார்கள். அவர்களுக்கு இரண்டாவது நன்றி.

"அம்மியில மசாலா அரைக்கிற மாதிரி தேய்க்காதடி," என்று மவுஸ் சொல்லிக்கொடுத்தாள்.

"நீ டைப் அடிக்கிறது கோழி கொத்துற மாதிரி கீது. நீ பேசாத," என்றாள் அந்தப் பெண்.

"ஏய், இன்னிக்கு நான்தான் வாயி. நீ கையி. மூடிக்கினு செய்."

வெள்ளிக்கிழமை மறுபடி சோதித்தேன். ஒருவர் ஒருவராக, அதே பன்னிரண்டு, விதியை மீறாமல். அவள் மவுஸை இரண்டு கையாலும் பிடித்துத்தான் ஆரம்பித்தாள். பிறகு ஒரு கையை விட்டாள். பன்னிரண்டுக்குப் பத்து. ஃபோல்டரில் போடும் இடத்தில் தடுமாறினாள். நான் கேள்வி படித்ததோடு சரி. சொல்லிக்கொடுக்க வாய் வரை வந்தது, ஆனாலும் சொல்லவில்லை. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் தேறினார்கள். எழுந்து போகும்போது கேட்டாள்.

"மிஸ், இது கணக்குல வருமா?"

"வரும்," என்றேன்.

வரவில்லை. நான் அனுப்பிய இரண்டு சோதனை முடிவுகளில் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள் அறிக்கை எழுதினீர்கள். தி.நகருக்கு வந்து கேட்டேன். நீங்கள் உட்காரச் சொன்னீர்கள், காபி சொன்னீர்கள். மரியாதைக்குக் குறைவில்லை.

"மேடம், ஒரு குழந்தைக்கு ஒரு சோதனைதான். விதி. உங்க குறிப்புக்கு ஃபார்ம்ல கட்டம் இல்ல, அதான் அதை எடுத்துட்டேன்."

"கட்டம் இல்லன்னா போட வேண்டியதுதான சார்."

"உங்களுக்கு இரக்கம் ஜாஸ்தி."

எனக்கு இரக்கம் ஜாஸ்தி என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. என் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பெண் என் ஒரு நாள் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவள். தன்னுடைய பதினொரு பெருக்கல் குறிகளையும் சேர்த்துக் காப்பாற்றிக் கொடுத்தவள். பதறினால் கை மறந்துபோகும் என்று எனக்குக் காட்டியவள். நான் அவளுக்குத் தராத ஒரு நிமிடத்தை அவள் எனக்குத் தந்தாள். அவளுக்குத்தான் பெரிய நன்றி. நேரில் சொல்லிவிட்டேன். "பரவால்ல மிஸ்," என்று ஓடிவிட்டாள். இப்போது ஒவ்வொரு பள்ளியிலும் முதலில் நான் கேட்பது, ஒரு மெஷினில் எத்தனை பேர் உட்காருகிறார்கள், யார் எங்கே என்பதைத்தான். இந்தக் கேள்வியைக் கற்றுக்கொடுத்ததும் அவர்கள் மூவர்தான்.

மாதக் கடைசியில் மெஷின்களை எடுக்க வண்டி வரும் என்று பள்ளிக்குக் கடிதம் வந்திருக்கிறது. அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை பெற்றோர் கூட்டம். அவள் அம்மா ஒரு வீட்டில் லீவு சொல்லிவிட்டு வருகிறார். வாத்தியார் நான்கு மெஷின்களின் உறையையும் கழற்றி வைத்திருப்பார். கட்டம் போட்ட உங்கள் ஃபார்மையே எடுத்துக்கொண்டு வாருங்கள், சார். எந்தப் பிள்ளையை வேண்டுமானாலும் கூப்பிட்டு நீங்களே சோதியுங்கள். அதற்குப் பிறகும் மெஷினைத் தூக்குவதாக இருந்தால், ஏன் என்று அந்த அம்மா கேட்பார். எனக்குத் தனியாகக் காபி வாங்கிக் கொடுத்துச் சொன்ன பதில் வேண்டாம். எல்லாப் பெற்றோர் முன்னாலும், மைக்கில், அவருக்குப் பதில் சொல்லுங்கள்.